மாமாவின் பாவத்தை நான் தூக்கிப் போனது

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். அதிலும் நாலாம் வகுப்பை இரண்டு முறை படித்தேன். கடிதம் எழுத உட்கார்ந்தால்கூட நலம் விசாரித்த பிறகு அடுத்த வரி வராமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யுத்தத்தைப் பற்றியும் சமாதானத்தைப் பற்றியும் எழுதப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதுவதை மளிகைச் சாமான் கட்டி வரும் தாளில் நானும் வாசிக்கிறேன். அவர்களுக்கு நடுவில் நான் வாய் திறப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித் தெரியும். அதில் இருந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். நானும் எழுதாமல் போனால் அந்த நாளும் போய்விடும்.

எங்கள் ரப்பர்த் தோட்டம் மலாயாவில் ஈப்போவுக்கும் பத்து காஜாவுக்கும் நடுவில் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் பாதி. எனக்கு எட்டு வயது. அந்த வயதில் கண்டதில் எது விழித்துக்கொண்டு கண்டது, எது தூக்கத்தில் கண்டது என்று இப்போது என்னால் பிரிக்க முடிவதில்லை. காலையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே பனி இடுப்பு உயரத்துக்கு நிற்கும். பட்டை சீவிப் பால் எடுக்க மரம் வெட்டப் போகிறவர்கள் இடுப்புக்கு மேலே மட்டும் நடந்து போவார்கள். தூரத்தில் சுண்ணாம்பு மலைகள் அடியில்லாமல் மிதக்கும். கொஞ்ச நேரம் கழித்து வெயில் வந்ததும் மனிதர்களுக்குக் கால் முளைக்கும், மலைகள் தரையில் இறங்கும். உலகம் தினமும் இப்படித்தான் புதிதாக மாட்டிவைக்கப்படுகிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மாமா எங்களோடுதான் வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் இருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. பெரிய சண்டைக்கு ஆள் எடுத்தபோது ஊரிலிருந்து போய், அரபு நாட்டுப் பசரா பக்கம் மூன்று வருடம் இருந்து, உயிரோடு திரும்பி, பிறகு எங்களைத் தேடிக் கப்பலேறி வந்தவர். தோட்டத்தில் அவருக்குப் பட்டாளத்தார் என்று பெயர். ஆனால் மாமா துப்பாக்கியைத் தொட்டதில்லை. தண்ணீர் சுமக்கும் கோவேறு கழுதையை ஓட்டிக்கொண்டு சிப்பாய்களுக்குப் பின்னால் நடந்தவர். பிள்ளைகள் நாங்கள் அவரைச் சுற்றிக்கொண்டு எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்போம். அவர் கழுதையைப் பற்றிச் சொல்வார். கழுதைக்குப் பேரீச்சம்பழம் பிடிக்கும், கொட்டையைத் துப்பிவிடும் என்பார். பட்டாளத்தில் இருந்தவர் இப்படிப் பயன் இல்லாத கதை சொல்கிறாரே என்று எங்களுக்கு வருத்தமாக இருக்கும்.

இன்னொரு குறையும் அவரிடம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈப்போவிலிருந்து சாமியார் வருவார். பள்ளிக்கூடக் கொட்டகைதான் அன்று கோயில். தோட்டத்துக் கிறிஸ்தவர்கள் எல்லாரும் உள்ளே இருக்க, மாமா மட்டும் வெளியே மரத்தடியில் நின்று பூசை காண்பார். உள்ளே மணி அடித்தால் வெளியே அவர் முழங்காலில் நிற்பார். எழுந்தால் எழுவார். ஆனால் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணமாட்டார், நன்மை என்று கொடுக்கும் அப்பத்தையும் வாங்கமாட்டார்.

யாருக்கும் இது பெரிய விஷயமாக இல்லை, என் தம்பி பிறக்கும்வரை.

எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாக இவன் பிறந்தான். முந்தின இரண்டையும் ஞானஸ்நானத்தில் ஏந்தி ஞானத்தகப்பனாக நின்றவர்களின் கைராசி சரியில்லை என்று அம்மா முடிவு கட்டியிருந்தாள். இந்தப் பிள்ளையைத் தன் உடன்பிறந்தவன்தான் ஏந்த வேண்டும் என்று வயிற்றில் இருக்கும்போதே நேர்ந்துகொண்டாள். மாமாவோ, பிள்ளை பிறந்து ஒரு மாதமாகியும் அதைத் தொடவில்லை. பிள்ளை தூங்கும் ஏணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். பிள்ளை விரலை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

சாமியார் வருவதற்கு முந்தின வாரம், அவர் இல்லாத நாளில் செபம் நடத்தும் உபதேசியார் ஞானஸ்நானத்துக்குப் பெயர் எழுத வந்தார். எங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாரும் அவர்தான். அப்பா ரப்பர் உலர்த்தும் புகைக்கொட்டகையில் வேலையாக இருந்தார். அம்மாவும் மாமாவும் வாசலில் அவரோடு பேசினார்கள். நான் உள்ளே ஏணையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏந்தலாம், யாரு வேணாங்குறா?" என்றார் உபதேசியார். "பாவசங்கீர்த்தனம் பண்ணி நன்மை வாங்கினவன்தான் ஏந்தலாம். வந்து நாலு வருசத்துல நீ ஒரு தடவயாச்சும் முழங்கால் போட்டிருக்கியாப்பா?"

"வெளியில போட்டுக்கிட்டுதானே இருக்கேன்."

"வெளியில போட்டா எறும்புதான் ஆசீர்வாதம் குடுக்கும்."

"தம்பி, ஒனக்கு என்னடா?" என்றாள் அம்மா. "கள்ளு குடிச்சேன்னு சொல்லு. கங்காணிய வைஞ்சேன்னு சொல்லு. அதெல்லாம் இல்லன்னா சொல்ற?"

"அதெல்லாம் நெறைய இருக்குக்கா. அதச் சொல்லிட்டு இத உட்டுட்டு வர்றதா? வயித்துல கட்டிய வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி டிரசர்கிட்ட நகத்தக் காட்டின கதையா இருக்கும்."

"எத உட்டுட்டு?" என்றார் உபதேசியார்.

மாமா சொன்னார். ஏணைக் கயிறு கிரீச்சிடும் சத்தத்துக்கு நடுவே நான் கேட்டேன். கயிற்றை நிறுத்தினால் நான் உள்ளே இருப்பது அவர்கள் நினைவுக்கு வந்துவிடும் என்று ஆட்டிக்கொண்டே கேட்டேன்.

தண்ணீர் குறைந்துபோன ஒரு நாள். தோல்பை இரண்டும் கழுதை மேல். எண்ணி வைத்த தண்ணீர், நம் ஆட்களுக்கு மட்டும், வேறு யாருக்கும் ஒரு சொட்டு கொடுக்கக்கூடாது என்று துரை உத்தரவு போட்டிருந்தான். வழியில் எதிரி ஆள் ஒருவன் அடிபட்டுக் கிடந்தான். துருக்கிக்காரன். எழ முடியவில்லை. கையை வாயில் வைத்துக் காட்டினான். மாமா நின்றார். முன்னால் போன அவில்தார் திரும்பிப் பார்த்தான். மாமா நடந்தார்.

"பையில ஒரு ஓட்ட இருந்துச்சுக்கா. எனக்குத் தெரியாது. சொட்டிக்கிட்டே போயிருக்கு. அந்தியில வெறும் பையோட அதே வழியா வந்தேன். அவன் செத்துக் கெடந்தான். கெடந்த எடத்துல இல்ல, கொஞ்சம் தள்ளி, கழுத போன தடத்துல. சொட்டு விழுந்த மண்ண அள்ளி அள்ளித் தின்னுருக்கான். வாய் நெறைய மண்ணு."

 உபதேசியார் பெயர்ப் புத்தகத்தில் எதையோ தேடுவது போலப் புரட்டினார்.

"உத்தரவுக்குக் கீழ்ப்படிஞ்சே. அது ஒன் தலையில வராதுப்பா."

"பட்டாளத்துல ஒரு சாமியாரு இருந்தாரு. அவருகிட்டப் போயி முழங்கால் போட்டேன். அவரும் இதத்தான் சொன்னாரு. பாவமே இல்ல, பாவம் இல்லாததுக்கு மன்னிப்புக் குடுக்க முடியாது, எழுந்து போன்னாரு. சரி, என் தலையில வராது. யாரு தலையில வரும்?"

"துரை தலையில."

"துரைக்குச் சொன்னது பெரிய துரை. பெரிய துரைக்குச் சொன்னது ராசா. எல்லாரும் அவங்கவங்க தலையில இருந்து எறக்கி அடுத்தவன் தலையில வச்சுட்டாங்க. அவன் வாயில இருந்த மண்ணு மட்டும் எங்கயும் போகல, உபதேசியாரே. பாவம்னா மன்னிப்புக் கேக்கலாம். பாவமே இல்லன்னுட்டா நான் எங்க போயிக் கேக்குறது?"

உபதேசியார் பெயர்ப் புத்தகத்தை மூடிவிட்டார். "சனிக்கிழமை வரைக்கும் பாக்குறேன். இல்லன்னா புள்ளைய நானே ஏந்திக்குறேன்" என்று போனார். அன்று இரவு அம்மா சோற்றைப் போட்டுவிட்டு மாமாவோடு பேசவில்லை. அவள் பேசாவிட்டால் எங்கள் வீட்டில் பாத்திரம்கூடச் சத்தம் போடாது.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு முதல் பாவசங்கீர்த்தனம். நாங்கள் ஏழு பிள்ளைகள். ஒரு மாதமாகச் சாயங்காலம் உபதேசியாரிடம் ஞானப்பாடம். ஆண்டவர் கட்டளையான பத்துக் கற்பனையைச் சொல்லி, எதை மீறினாய் என்று அவரவரே யோசித்துக்கொள்ளச் சொன்னார். சொன்னதைச் சாமியார் சாகும்வரை யாரிடமும் சொல்லக்கூடாது என்பதையும் சொன்னார். நாங்கள் சாமியார் இல்லையாதலால் ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்துக்கொண்டோம். மற்றவர்களிடம் நல்ல நல்ல பாவங்கள் இருந்தன. ஒருவன் கங்காணி வீட்டுக் கோழியை மலாய்க்காரர் வாழும் கம்பத்துப் பக்கம் விரட்டிவிட்டிருந்தான். என்னிடம் சீனத் தவுக்கே கடை இனிப்புப் பால் டின்னில் விரல் விட்டு நக்கியது ஒன்றுதான். இதற்காகச் சாமியார் ஈப்போவிலிருந்து வர வேண்டுமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது.

எங்கள் தோட்டத்தில் ஒரு பழக்கம். பால் எடுத்து முடிந்ததும் அவரவர் வாளியை அவரவரே ஸ்டோருக்குத் தூக்கிப்போய் நிறுக்க வேண்டும். காய்ச்சலாகக் கிடந்தாலோ, காலில் முள் ஏறியிருந்தாலோ, வீட்டார் யாராவது தூக்கிப்போகலாம். அதற்கு முன்வருடம் மாமாவுக்கு மர நிரைக்கு நடுவில் குளிர்காய்ச்சல் கண்டபோது அம்மாதான் அவர் வாளியைச் சுமந்து போனாள். நான் கூடப் போனேன். "இது யாரு பாலு?" என்றார் நிறுத்துக் கணக்கு எழுதும் கிராணி. "எந் தம்பி பாலு" என்றாள் அம்மா. அவர் மாமா பெயரைச் சொல்லி ஊற்றிக்கொண்டார். ஏன் அவன் வரவில்லை என்று ஒரு கேள்வி இல்லை. வாளி காலியாகி வந்தது.

சாமியார் இடத்திலும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். மாமாவால் தூக்க முடியவில்லை. நான் தூக்கிப் போகிறேன். யாருடையது என்று கேட்டால் பெயரைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது கொட்டகைக்கு வெளியே வரிசை நின்றது. அந்தக் காலத்தில் நன்மை வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. ஆகவே எல்லாருக்கும் பக்தியோடு கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. மாமா வழக்கமான மரத்தடியில் நின்றார். வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். அம்மா பிள்ளையைப் போர்த்திக்கொண்டு, அவரைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாமியார் பிரான்சுக்காரர். தாடி வயிறு வரை தொங்கும். தமிழைப் புத்தகத்தில் படித்தவராதலால் அச்சடித்தது போலப் பேசுவார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இந்தப் பக்கத்தில் இருப்பவர், நடுவில் நாலு வருடம் தன் ஊருக்கு லீவில் போய் வந்தார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கொட்டகை மூலையில் பிரம்புத் தட்டி ஒன்றை நிறுத்தி, அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் முறை வந்தது. முழங்கால் போட்டேன். தட்டியின் கண்கள் வழியே தாடியும் ஒரு காதும் தெரிந்தன.

"சாமி, ரெண்டு கொண்டாந்திருக்கேன். ஒண்ணு என்னோடது. ஒண்ணு எங்க மாமாவோடது."

"உன் மாமா எங்கே?"

"வெளியில நிக்கிறாரு. அவரால முடியல. அதான் நான் தூக்கியாந்தேன்."

"மகளே, பிறர் பாவத்தை நீ கொண்டு வரலாகாது" என்றார். அதற்குள் நான் இறக்கிவிட்டேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். கழுதை, தோல்பை, துரை, ஓட்டை, மண். பட்டாளத்துச் சாமியார் பாவம் இல்லை என்று சொன்னதையும் சொன்னேன். முக்கியமானது எது என்று தெரியாததால் பேரீச்சங்கொட்டையையும் சேர்த்துச் சொன்னேன்.

 வெளியே யாரோ இருமினார்கள். கூரை அத்தாப்பு ஓலையில் பல்லி ஓடியது. சாமியார் தூங்கிவிட்டாரோ என்று தட்டியில் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

"அவன் கையை வாயில் வைத்துக் காட்டினான் என்றாயே" என்றார் கடைசியில். "எந்தக் கை?"

மாமா அதைச் சொல்லவில்லை. ஆனால் தெரியாது என்றால் மாமாவின் பாவத்தைத் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று பயம். "எடக்கை, சாமி" என்றேன். முதல் பாவசங்கீர்த்தனத்திலேயே ஒரு பொய்.

தாடி தனக்குள்ளே வெகுநேரம் ஏதோ முணுமுணுத்தது. பிறகு என் பாவத்தைக் கேட்டார். பால் டின்னைச் சொன்னேன். பரிகாரமாக மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார்.

"மாமாவோடதுக்கு, சாமி?"

"அதை இங்கேயே வைத்துவிட்டுப் போ. யாரிடமும் சொல்லாதே."

நான் எழுந்து வெளியே வந்தபோது வரிசை முழுவதும் என்னைத்தான் பார்த்தது. கிழவர்களுக்கே இரண்டு நிமிடம். எனக்கு அப்பத்துக்கு மாவு புளிக்கும் நேரம் ஆகியிருந்தது.

"ஏங்க்கா, ஓம் மவ என்னா, கொலயா பண்ணிட்டா?" என்றாள் பக்கத்து லயத்துக்காரி.

"உள்ளாற என்னாடி சொன்ன?" என்று அம்மா என் தோளைக் கிள்ளினாள். நான் வாயை இறுக்க மூடிக்கொண்டேன். யாரிடமும் சொல்லாதே என்றால் அம்மாவும் அதில் சேர்த்தியா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் கிள்ளு வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பது வேதசாட்சிகள் செய்கிற வேலை என்று தோன்றியது. சுகமாக இருந்தது.

மீதிப் பேரை முடித்துவிட்டுச் சாமியார் வெளியே வந்தார். பூசைக்கு உடுப்பு மாற்றப் போவார் என்று எல்லாரும் எழுந்தார்கள். அவர் போகவில்லை. வெயிலில் இறங்கி மரத்தடிக்கு நடந்தார். மாமா துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். சாமியார் ஏதோ கேட்டார். இரண்டு பேரும் நிரைகளுக்கு உள்ளே போய், விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்தார்கள். நிரைகளுக்குள் பனி இன்னும் முழுக்க விலகவில்லை. அவர்கள் கால் எங்களுக்குத் தெரியவில்லை. வெள்ளை அங்கியும் வெள்ளை வேட்டியும் மட்டும் அந்தரத்தில் உட்கார்ந்திருந்தன.

"பூச எப்ப, பசியாறுறது எப்ப?" என்று ஒருவர் முணுமுணுத்தார். "பட்டாளத்தாரு மூட்டய அவுத்துட்டாரு. நாலு வருசத்துப் பாவமுல்ல, சாயங்காலம் ஆவும்" என்றார் இன்னொருவர். சிரித்தார்கள். உபதேசியார் அதட்டினார். அம்மா சிரிக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். தன் தம்பி வாய் திறந்துவிட்டான், பிள்ளைக்கு ஞானத்தகப்பன் வந்துவிட்டான் என்ற சந்தோஷ அழுகை.

நான் கூர்ந்து பார்த்தேன். நான் உள்ளே வைத்துவிட்டு வந்ததைப் பற்றித்தான் சாமியார் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். ஏனென்றால் தாடிதான் அசைந்தது. சாமியார் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். மாமா நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சமயம் மாமா, அந்தப் பிள்ளையைக்கூடத் தொடாத மாமா, கையை எடுத்துச் சாமியாரின் முதுகில் வைத்தார். பெரியவர்கள் மேல் கை வைக்கக்கூடாது என்று மாமாவுக்குத் தெரியாதா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

இதற்குப் பிறகு நான் இருபது வருடம் வளர்ந்தேன். கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்தேன். ஜப்பான்காரன் காலம் வந்து போனது. அந்தக் காலத்தில் ஒருநாள், சயாம் பக்கம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப்போன ஆட்களில் ஒருவன் எப்படியோ தப்பி வந்து எங்கள் கதவைத் தட்டினான். உடம்பெல்லாம் புண். கஞ்சி கேட்டான். அடுப்பில் என் மூன்று பிள்ளைகளுக்கு மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. நான் கதவைச் சாத்தினேன். யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. சண்டை ஓய்ந்த பிறகு கோயிலில் இதைச் சொன்னேன். அப்போதிருந்த சாமியார் இளவயது, நல்ல மனது. அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள், அம்மா, அது பாவமாகாது என்று சமாதானம் சொல்லி அனுப்பினார். கோயில் படி இறங்கும்போது, ஏறும்போது இருந்ததைவிட எனக்குக் கனமாக இருந்தது.

மாமா அப்போது பத்து காஜா ஆஸ்பத்திரியில் கிடந்தார். பஸ் ஏறிப் போய் அவர் கட்டிலில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். 

"பாவந்தாம்மா" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அந்த ஒரு வார்த்தைக்கு நான் எத்தனை மாதம் காத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. யுத்தம் என்றால் அப்படித்தான் என்று சொல்கிறவர்கள் நம் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் அப்படிச் சொல்லும்போது அந்த ஆள் கதவுக்கு வெளியே நின்றதே இல்லாமல் போய்விடுகிறது. நான் கதவைச் சாத்தியது தப்பு என்று ஒருவர் சொன்னால்தான் அவன் வந்தான் என்று ஆகிறது. சமாதானத்தை ராஜாக்கள் காகிதத்தில் எழுதிக்கொள்கிறார்கள். மற்றவர்கள் இப்படி ஆளுக்கு ஆள் வாயால் சொல்லித்தான் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது போலும். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அன்றுதான் மாமாவிடம் கேட்டேன். அந்த மரத்தின் மேல் உட்கார்ந்து சாமியாரிடம் எப்படிச் சொன்னீர்கள் என்று.

"நான் எங்கம்மா சொன்னேன்? அவருதான் சொன்னாரு. அவங்க ஊருல சாமியாருங்களையும் புடிச்சுச் சண்டைக்கு அனுப்பிட்டாங்களாம். நாலு வருசம். அங்க நடந்தத சொன்னாரு. சொல்லிட்டு, இது பாவமான்னு என்னயக் கேட்டாரு. என்னயப் போயி. நான் ஆமாங்க சாமின்னேன். அழுதாரு. அதுக்கப்புறம் நான் என்னோடதச் சொன்னேன். அவரும் ஆமான்னாரு. அப்புறந்தான் கையத் தூக்கி மன்னிப்புக் குடுத்தாரு."

"அவரு என்னா செஞ்சாராம், மாமா?"

மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "அத நான் ஒங்கிட்டச் சொல்லலாமா?" என்றார்.

கொஞ்சம் கழித்து, "அத்தன பேரு இருக்குறப்ப, எங்கிட்ட எதுக்கு வந்தாருன்னுதான் இன்னிக்கி வரைக்கும் புரியல" என்றார். தூக்கிப்போனதைப் பற்றி நானும் சொல்லவில்லை. அடுத்த மாதம் அவர் போய்விட்டார்.

எட்டு வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? நிரைகளுக்குள்ளிருந்து இருவரும் திரும்பி வந்தார்கள். கூட்டம் வழி விட்டது. மாமா முதல்முறையாகக் கொட்டகை வாசலைத் தாண்டி உள்ளே வந்து, ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் முழங்கால் போட்டார். நன்மை வாங்கினார். பூசை முடிந்து ஞானஸ்நானம். உபதேசியார் தான் ஏந்துவதற்காகத் தோய்த்துக் கட்டி வந்த வேட்டியை ஒருமுறை தடவிக்கொண்டு ஒதுங்கி நின்றார். மாமா இரண்டு கையையும் நீட்டினார். அம்மா பிள்ளையை வைத்தாள். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் நிறைகுடத்தைப் பிடிப்பது போல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். சாமியார் தலையில் நீர் ஊற்றியதும் பிள்ளை வீறிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. பிள்ளையின் நெற்றியிலிருந்து வழிந்த நீர் அவர் முழங்கை வழியே ஓடி மண்ணில் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரே பெருமை. எல்லாம் நான் தூக்கிப்போனதால்தான். கிராணி ஊற்றிக்கொண்டதைப் போல, சாமியார் மாமா பெயருக்கு ஊற்றிக்கொண்டார். அதற்கு மேல் அதில் புரிந்துகொள்ள ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கூட்டம் பசியாறக் கலைந்த பிறகு, யாரும் பார்க்காதபோது பிரம்புத் தட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். நான் வைத்துவிட்டு வந்தது இருக்கிறதா, சாமியார் எடுத்துக்கொண்டு போய்விட்டாரா என்று. நாற்காலிக்கு அடியில் மண்தரை பெருக்கினபடி இருந்தது. ஒன்றும் இல்லை.

மறுநாள் விடியற்காலையிலிருந்தே மழை. பட்டை நனைந்துவிட்டது, யாரும் மரம் வெட்டப் போகவில்லை.